வீட்டுச் சாண எரிவாயு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடு வைத்திருப்பவர்கள், மாடு வாங்க நினைப்பவர்கள், மாடே இல்லாமல் சமையலறைக் கழிவில் அடுப்பெரிக்க விரும்புபவர்கள் என்று மூன்று தரப்பினரும் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலுக்கு ஏற்றவை. மலைப் பகுதிக்காரர்கள் குளிர் பற்றிய பதிலை முதலில் படித்துவிடுங்கள்.

கோபர் காஸ், பயோ காஸ், சாண எரிவாயு எல்லாம் ஒண்ணுதானா? உள்ள என்னதான் நடக்குது?

ஒன்றுதான். சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் காற்றுப் புகாத தொட்டியில் அடைத்தால், நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவாக்குகின்றன. அதில் 55 முதல் 65 சதவீதம் மீத்தேன், எரிவது அதுதான். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. கூடவே நீராவியும், அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சிறிதளவு இருக்கும்.

உள்ளே இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. முதல் கூட்டம் மாவையும் நாரையும் உடைத்து அமிலமாக்கும். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும். முதல் கூட்டம் வேகமானது, எதையும் தாங்கும். இரண்டாவது மெதுவானது, புளிப்போ குளிரோ தாக்கினால் சுருண்டுவிடும். பழுதென்று சொல்லிக்கொண்டு வருபவற்றில் பாதி, முதல் கூட்டம் இரண்டாவதை முந்திக்கொண்டு ஓடியதால் வருவதுதான்.

மீத்தேன் விடும் நுண்ணுயிர்கள் மாட்டின் வயிற்றிலேயே இருப்பவை. ஆகவே சாணம் இந்தத் தொட்டிக்குத் தீனி மட்டுமல்ல, உறைமோரும்கூட. தொட்டியை ஒரு வயிறு என்று நினைத்து நடத்துங்கள். பட்டினி போட்டாலும் ஓரளவு தாங்கும். அளவு மீறித் திணித்தால் தாங்காது.

எங்க வீட்டுல ரெண்டு மாடு இருக்கு. போதுமா?

மாட்டின் எண்ணிக்கையைவிட, கைக்கு வரும் சாணத்தின் எடைதான் கணக்கு. நாட்டு மாடு நாளுக்கு 10 கிலோ அளவிலும், எருமையும் கலப்பின மாடும் 15 கிலோ அளவிலும் போடும். ஆனால் பகலெல்லாம் மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதி காட்டிலேயே விழுந்துவிடும். ஒரு வாரம் தொழுவத்தில் அள்ளுவதை வாளியோடு தராசில் வைத்து எழுதுங்கள். எழுதியதில் மிகக் குறைந்த நாளின் எடையை வைத்துக் கலத்தின் அளவை முடிவு செய்யுங்கள்.

ஒரு கிலோ ஈரச் சாணம் 35 முதல் 40 லிட்டர் வாயு தரும். அதாவது நாளுக்கு 25 கிலோ இருந்தால் 1 கன மீட்டர் கலம் (தொட்டியின் கொள்ளளவு அல்ல, நாளுக்கு அது தரும் வாயுவின் அளவு). 50 கிலோ இருந்தால் 2 கன மீட்டர் கலம். சமையலுக்கு ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் கன மீட்டரிலிருந்து 0.3 வரை வேண்டும். ஆக, கட்டித் தீனி போடும் இரண்டு கலப்பின மாடு இருந்தால் மூன்று நான்கு பேர் சமைக்க 1 கன மீட்டர் கலம் போதும்.

"பின்னால் மாடு வாங்குவோம், இப்போதே பெரிதாகக் கட்டிவிடுவோம்" என்ற எண்ணம் வேண்டாம். கட்டிய பிறகு கைவிடப்பட்ட கலங்கள் பலவும் சாணத்துக்கு மிஞ்சிய அளவில் கட்டப்பட்டவையே. அரைவயிறு நிரம்பிய கலத்தில் அழுத்தம் ஏறாது. அடுப்பு சோம்பி எரியும். வீட்டில் சமைப்பவர்கள் சலித்துப்போய் ஒரு மாதத்தில் விட்டுவிடுவார்கள்.

ஒரு சிலிண்டர் காசு மிச்சமாகணும்னா எவ்வளவு வாயு வேணும்?

1 கன மீட்டர் சாண வாயு ஏறக்குறைய 0.45 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ. அப்படியானால் 1 கன மீட்டர் கலம் குறையில்லாமல் ஓடினால் 32 நாளில் ஒரு சிலிண்டர். சாதாரண விறகடுப்போடு ஒப்பிட்டால் அதே 1 கன மீட்டர், மூன்றரைக் கிலோ விறகுக்கு ஈடு.

எந்த மாடல் போடலாம்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும். மிதக்கும் டிரம் வகை ஜஷ்பாய் படேல் வடிவமைத்தது. 1960களில் காதி கிராமத் தொழில் ஆணையம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. வட்டக் கிணறு போன்ற குழியின் மேல் கவிழ்த்த இரும்பு டிரம், வாயு சேரச் சேர எழும். எவ்வளவு வாயு இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். அழுத்தமும் ஒரே சீராக இருக்கும். குறை என்னவென்றால் இரும்பு துருப்பிடிக்கும். ஆண்டுக்கொரு முறை பெயிண்ட் அடித்தே ஆகவேண்டும். இப்போது ஃபைபர் டிரம் போடுகிறார்கள், அது நல்ல மாற்றம்.

1984இல் ஆப்ரோ அமைப்பு கொண்டுவந்த தீனபந்து, நிலத்தடியில் செங்கல் குவிமாடமாகக் கட்டுவது. அசையும் பாகமே கிடையாது. செலவு குறைவு, ஆயுள் அதிகம், மண் மூடியிருப்பதால் குளிரும் அவ்வளவு தாக்காது. ஆனால் குவிமாடத்தின் உள்பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் வாயு நிற்காது. இதைக் கட்டிப் பழகிய கொத்தனார் கிடைத்தால் சொந்த நிலத்துக்கு இதுதான் எங்கள் தேர்வு. வீடு கட்டும் கொத்தனாரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டிக் கட்டச் சொல்வதாக இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

மூன்றாவது, பிளாஸ்டிக் தொட்டிகளில் செய்வது. வாடகை வீடு, மொட்டை மாடி, ஒரே மாடு, சமையலறைக் கழிவு ஆகியவற்றுக்கு அது.

தொழுவத்துக்குப் பக்கத்துல போடணுமா, சமையலறைக்குப் பக்கத்துலயா?

தொழுவத்துக்குப் பக்கத்தில். வாயு குழாயில் தானே வந்துவிடும். சாணத்தைத் தினமும் நீங்கள்தான் தூக்க வேண்டும். அடுப்புக்கும் கலத்துக்கும் 20 மீட்டருக்குள் இருந்தால் முக்கால் அங்குலக் குழாய் போதும். அதற்கு மேல் போனால் ஒரு அங்குலம் போடுங்கள்.

குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். வெயில் நாள் முழுவதும் விழும் இடமாகப் பாருங்கள். வேப்பமரமும் புளியமரமும் நிழலால் மட்டுமல்ல, வேராலும் கெடுக்கும். வேர் சுவரைப் பிளந்துவிடும்.

ரெண்டு சின்டெக்ஸ் டேங்க் வாங்கி நாமளே செஞ்சுக்க முடியுமா?

முடியும். 1000 லிட்டர் தொட்டியின் மேல்பகுதியை அறுத்து எடுத்துவிட்டால் அது செரிக்கும் கலம். 750 லிட்டர் தொட்டியின் வாய்ப்பகுதியை அறுத்து, அதற்குள் தலைகீழாகக் கவிழ்த்தால் அது வாயு டிரம். வாங்கும் முன் இரண்டின் விட்டத்தையும் அளந்து பாருங்கள். சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளிதான் இருக்கவேண்டும். அகலமாக இருந்தால் அந்த வழியே வாயு வீணாகும், டிரமும் சாயும். சாணம் போட 90 மி.மீ. குழாயை வெளிப்புறமிருந்து இறக்கி, அடித்தளத்துக்கு ஒரு சாண் மேலே உள்ளே திறக்கும்படி வையுங்கள். எதிர்ப்பக்கம் விளிம்புக்குச் சற்றுக் கீழே 63 மி.மீ. குழாய், கழிவுக் கரைசல் அதன் வழியே தானாக வழியும். டிரமின் உச்சியில் அரை அங்குல டேங்க் நிப்பிள், பால் வால்வு, அதிலிருந்து ஹோஸ்.

பிளாஸ்டிக் டிரம் எடை குறைந்தது என்பதால் மேலே பாரம் வைக்காவிட்டால் அடுப்புக்கு அழுத்தம் கிடைக்காது. கணக்கு எளிது: டிரமின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ வைத்தால் 1 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தம். ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள டிரமின் பரப்பு முக்கால் சதுர மீட்டர். 5 முதல் 8 சென்டிமீட்டர் அழுத்தம் வேண்டுமானால் டிரமின் எடையையும் சேர்த்து 40 முதல் 60 கிலோ. செங்கல்லையோ மணல் பையையோ நடுவிலும் ஓரத்திலும் சமமாகப் பரப்புங்கள். சாயாமல் ஏறி இறங்கச் சுற்றிலும் மூன்று இரும்புக் குழாய்களை நட்டுவிடுங்கள்.

இதன் தாங்குதிறன் நாளுக்கு 12 கிலோ சாணமும் 12 லிட்டர் தண்ணீரும். கரைசல் 40 நாள் உள்ளே தங்கும். வாயு அரை கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு அடுப்பு ஒரு மணி நேரம் எரியும்.

முதல் தடவை நிரப்ப எவ்வளவு சாணம் வேணும்?

முழுத் தொட்டியையும் கரைசலால் நிரப்ப வேண்டும். 1000 லிட்டருக்கு 450 முதல் 500 கிலோ. சொந்த மாடு போதாது; அக்கம்பக்கத்துத் தொழுவங்களில் சொல்லிவைத்து ஒரு வாரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் தொடங்குவதே தள்ளிப்போகும். வைக்கோல், மணல், கல் உள்ளே போகாதபடி பார்த்துக் கரையுங்கள். ஏற்கெனவே ஓடும் கலத்திலிருந்து நான்கைந்து குடம் கழிவுக் கரைசல் கிடைத்தால் ஊற்றுங்கள், பாலுக்கு உறை ஊற்றுவது போல. வெயில் காலத்தில் பத்துப் பதினைந்து நாளில் வாயு பிடிக்கும்; மார்கழியில் ஒரு மாதம்கூட ஆகலாம்.

நிரப்பிய பின் எரியும் வாயு வரும்வரை புதுச் சாணம் போடாதீர்கள். ஆர்வத்தில் தினமும் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம் காத்திருக்கிறார்கள்.

டிரம் எழும்பிடுச்சு, ஆனா அடுப்புல பத்த மாட்டேங்குது. ஏமாந்துட்டேனா?

இல்லை. முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு. அதில் டிரமுக்குள் இருந்த காற்றும் கலந்திருக்கும். அமிலக் கூட்டம் வேலையைத் தொடங்கிவிட்டது, மீத்தேன் கூட்டம் இன்னும் பெருகவில்லை. முதல் இரண்டு டிரம் வாயுவைத் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள். பக்கத்தில் பீடியோ தீக்குச்சியோ கூடாது.

பற்றவைத்துப் பார்ப்பதை எப்போதும் அடுப்பில் செய்யுங்கள். டிரமின் வால்வருகே தீக்குச்சி காட்டுவது உயிரோடு விளையாடுவது. உள்ளே காற்றுக் கலந்திருந்தால் தீ குழாய் வழியே உள்ளே ஓடும்.

தினமும் என்ன வேலை? எவ்வளவு நேரம் ஆகும்?

பழகிவிட்டால் இருபது நிமிடம். அன்றைய சாணத்தை அதே அளவு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். தோசை மாவைவிடச் சற்று இளக்கமாக இருப்பதே பதம். பசும்புல் தின்ற மாட்டின் சாணம் இளகலாக இருக்கும், தண்ணீரைக் குறையுங்கள். வைக்கோல் மட்டும் தின்றால் கெட்டிப்படும், கூட்டுங்கள். நீர்த்துப்போனால் மணல் அடியில் தங்கி நார் மேலே மிதக்கும். கெட்டியானால் குழாய் அடைக்கும்.

கரைத்ததை ஐந்து நிமிடம் அசையாமல் விட்டு, அடியில் தங்கும் மண்ணை விட்டுவிட்டு மேலாக ஊற்றுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் சில ஆண்டுகளில் பாதித் தொட்டி மண்ணைச் சுமப்பார்கள். வெயிலில் வைத்த தண்ணீரில் பத்து மணி வாக்கில் கரைத்தால் இன்னும் நல்லது. மிதக்கும் டிரமாக இருந்தால் ஊற்றிய பின் இடமும் வலமும் நாலு தடவை திருப்பிவிடுங்கள். மேலே படியும் ஏடு உடையும்.

கோமியமும் தொழுவம் கழுவின தண்ணியும் விடலாமா?

கோமியம் கொஞ்சம் விடலாம். கழுவிய தண்ணீரில் பினாயிலோ, பிளீச்சிங் பவுடரோ, சோப்போ இருந்தால் ஒரு சொம்புகூடக் கூடாது. தொழுவத்தைக் கிருமிநாசினி போட்டுக் கழுவும் நாளில் அந்தத் தண்ணீருக்கு வேறு வழி வையுங்கள். மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தால் ஒரு வாரம் பத்து நாள் அந்த மாட்டுச் சாணத்தை எருக்குழிக்கு அனுப்புங்கள். மாட்டுக்குள் கிருமியைக் கொல்லும் மருந்து தொட்டிக்குள்ளும் அதையே செய்யும்.

மாடு இல்ல. மிச்சம் மீதிச் சோறு, காய்கறித் தோல் மட்டும் வச்சு ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் தொடங்க ஒரு தடவை சாணம் வேண்டும், மேலே சொன்ன அதே முறையில். அதன்பின் ஒரு கிலோ ஈரக் கழிவு 80 முதல் 100 லிட்டர் வாயு தரும். சாணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சாணம் ஏற்கெனவே மாட்டு வயிற்றில் ஒருமுறை செரித்தது, சோறு செரிக்காதது; வித்தியாசம் அதுதான்.

சோறு, வடிகஞ்சி, கழனித்தண்ணீர், புளித்த மாவு, குழம்பு மிச்சம், பழத்தோல், கெட்டுப்போன தேங்காய்ப்புண்ணாக்கு எல்லாம் நல்ல தீனி. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலை விலக்குங்கள். அவற்றின் எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் நார், வாழைத்தண்டு நார், வெங்காயச் சருகு செரிக்காமல் தங்கும். 1000 லிட்டர் தொட்டிக்கு நாளுக்கு 2 முதல் 3 கிலோ வரைதான், நறுக்கி அல்லது மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீரோடு. முதல் வாரம் அரைக் கிலோவில் தொடங்கி வாரத்துக்கு அரைக் கிலோ கூட்டுங்கள். வாரம் ஒரு வாளி சாணக்கரைசல் ஊற்ற முடிந்தால் தொட்டி நோய்வாய்ப்படாது.

வீட்டுல விசேஷம் முடிஞ்சு ஒரு அண்டா சோறு கொட்டினேன். ரெண்டு நாள் நல்லா எரிஞ்சுது, இப்ப புளிச்ச வாடை, வாயுவே இல்ல.

முதல் பதிலில் சொன்ன முந்துதல் இதுதான். சோற்றை அமிலக் கூட்டம் ஒரே நாளில் உடைத்துவிட்டது. மீத்தேன் கூட்டம் அந்த அமிலத்தில் மூழ்கிவிட்டது. புளிப்பை அளக்கும் பி.எச். தாள் வாங்கி வழியும் கரைசலில் நனைத்துப் பாருங்கள். 6.8 முதல் 7.5 வரை சரி. 6.5க்குக் கீழே இறங்கினால் வயிறு கெட்டுவிட்டது என்று பொருள்.

தீனியை உடனே நிறுத்துங்கள். ஐந்தாறு நாள் எதுவும் வேண்டாம். டிரமைத் திருப்பி மட்டும் விடுங்கள். லேசான புளிப்பு அதிலேயே சரியாகும். பி.எச். ஏறாவிட்டால் 1000 லிட்டருக்கு நாளுக்கு 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறி, மறுநாள் தாளில் பார்த்தபின்தான் அடுத்த 100 கிராம். 7ஐத் தொட்டதும் நிறுத்திவிட்டு, ஒரு வாரம் சாணக்கரைசல் மட்டும் கொடுங்கள். ஒரே நாளில் இரண்டு கிலோ சுண்ணாம்பைக் கொட்டுவது அமிலத்தைவிட மோசமான அடி.

மழைக்காலத்துல வாயு பாதியாயிடுது. பழுதா?

பழுதில்லை, குளிர். இந்த நுண்ணுயிர்களுக்கு 30 முதல் 37 டிகிரி வரை உகந்தது. கரைசல் 20 டிகிரிக்கு இறங்கினால் வாயு பாதியாகும். 10 டிகிரியில் நின்றேபோகும். ஐப்பசி, கார்த்திகையில் வெந்நீர் கலந்து வெதுவெதுப்பாகக் கரைத்து ஊற்றலாம். பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றி வைக்கோல் பிரி சுற்றித் தார்ப்பாய் மூடலாம். குவிமாடத்தின் மேல் ஓரடி மண் போட்டு அதன்மேல் எருக்குழி வைத்தால் எருவின் சூடு உள்ளே இறங்கும். முக்கியமாக, வாயு குறைகிறது என்று தீனியைக் கூட்டாதீர்கள். குளிரில் பசி குறைந்த வயிற்றில் திணிப்பது முந்தைய கேள்வியின் கதையில்தான் முடியும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் நிலத்தடிக் கலம் தவிர வேறெதுவும் வேண்டாம். அதிலும் கரைசல் தங்கும் நாள்களை 55 என்று வைத்துத் தொட்டியைப் பெரிதாக்க வேண்டும்.

பழைய கேஸ் அடுப்புலயே இணைச்சுக்கலாமா?

அப்படியே இணைத்தால் எரியாது. எல்.பி.ஜி. அதிக அழுத்தத்தில் ஊசித்துளை ஜெட் வழியே வந்து, தன் அளவைப் போல 25 மடங்குக் காற்றைக் கேட்கும். சாண வாயு மெல்லிய அழுத்தத்தில் வந்து 6 மடங்குக்குள் காற்றைக் கேட்கும். ஆகவே ஜெட் துளையை 2 மி.மீ. சுற்றுக்குப் பெரிதாக்கி, காற்று வரும் வாயைச் சுருக்க வேண்டும். செய்யலாம், ஆனால் சிம்மில் அணைந்துபோவது போன்ற தொல்லை தொடரும். ஐ.எஸ். 8749 முத்திரையுள்ள சாண எரிவாயு அடுப்பை வாங்கிவிடுவதே நல்லது. மாற்றிய அடுப்பை மறுபடி ஒருபோதும் சிலிண்டரில் பூட்டாதீர்கள். அந்தத் துளையில் எல்.பி.ஜி. பாய்ந்தால் முகத்தில் அடிக்கும்.

சுடர் நீலமாக, பர்னரை ஒட்டி நிற்க வேண்டும். மஞ்சளாக நீண்டால் காற்று போதவில்லை. பர்னரை விட்டு எழும்பித் துடித்தால் காற்று அதிகம். காற்று வாயின் வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

சுடர் விட்டு விட்டு எரியுது, குழாய்ல களகளன்னு சத்தம்.

குழாயில் தண்ணீர் தேங்கிவிட்டது. நீராவி இரவில் குளிர்ந்து நீராகிப் பள்ளமான இடத்தில் நிற்கும். நூறு அடிக்கு ஒரு அடி சரிவு கொடுத்துக் குழாயைக் கலத்தின் பக்கமே திருப்புங்கள். முடியாவிட்டால் மிகத் தாழ்வான இடத்தில் டீ போட்டு ஒரு வடிகால் வால்வு வையுங்கள், வாரம் ஒருமுறை திறந்துவிடலாம். ஹோஸ் தொய்ந்து தொங்கினால் அதுவே ஒரு கிணறு.

சமையலறையில முட்டை அழுகின நாத்தம் வருது. சாப்பாட்டுலயும் வருமா?

சரியாக எரிந்தால் வராது. எரியாமல் கசிந்தால்தான் நாற்றம். முதலில் சோப்பு நுரையை எல்லா இணைப்பிலும் தடவிக் கசிவைப் பாருங்கள். நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு பித்தளையையும் ஜெட்டையும் அரிக்கும். எனவே அடுப்புக்கு முன் ஓரடி நீளக் குழாயில் துருப்பிடித்த இரும்பு நாரை அடைத்து வாயுவை அதன் வழியே விடுங்கள். துரு அந்த வாயுவைப் பிடித்துக்கொண்டு கறுத்துப்போகும். கறுத்த நாரை வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டுச் சூடேறும், சில சமயம் கனன்று பற்றும். தண்ணீரில் நனைத்துத் தரையில் பரப்புங்கள். வைக்கோல்போர் அருகிலோ குப்பைக்கூடையிலோ போடாதீர்கள்.

வெடிக்குமா?

டிரம் வெடிக்காது, அளவுக்கு மேல் சேரும் வாயு ஓரத்தில் குமிழியிட்டுப் போய்விடும். ஆபத்து மூடிய அறையில். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். எல்.பி.ஜி. தரையில் தேங்கும், சாண வாயு காற்றுக்கு ஏறக்குறைய சம எடை என்பதால் அறை முழுதும் பரவும். கூரையை ஒட்டி ஒரு திறப்பு இருக்கட்டும். அடுப்புக்கு முன் குழாயில் நெருக்கமான பித்தளை வலையைச் சுருட்டி வைத்தால் தீ பின்னோக்கி ஓடாது.

உயிர் போவது பெரும்பாலும் வேறு வழியில். தொட்டியைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்குபவர் ஒரே மூச்சில் மயங்கிவிடுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். அங்கே உயிர்க்காற்று கிடையாது, ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு. அளவு கூடினால் அந்த வாயு மூக்கையே மரத்துப்போகச் செய்யும் என்பதால் நாற்றம் இல்லையே என்று நம்பக் கூடாது. கலத்துக்குள் யாரும் இறங்க வேண்டாம். கரைசலை மேலிருந்தே மோட்டார் வைத்து வெளியேற்றுங்கள்.

மிச்ச வாயுவை சிலிண்டர்ல அடைச்சு வைக்கலாமா? லாரி டியூப்ல?

சிலிண்டரில் எல்.பி.ஜி. திரவமாக இருப்பதால்தான் 14 கிலோ அடங்குகிறது. மீத்தேன் மைனஸ் 82 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. வண்டிகளில் போடுவதுபோல 200 மடங்கு அழுத்தத்தில் அடைக்க, சுத்திகரிப்பும் தனிச் சிலிண்டரும் வெடிபொருள் துறையின் உரிமமும் வேண்டும். கம்ப்ரஸரை வைத்து வீட்டில் முயல்வது கொலைக்குச் சமம். லாரி டியூபில் பிடிக்கும் வாயு ஒரு வேளைச் சோறு வடிக்கக்கூடக் காணாது, ரப்பரும் சீக்கிரம் கெடும். மிஞ்சும் வாயுவில் மாட்டுக்குத் தவிடு காய்ச்சுங்கள், குளிக்க வெந்நீர் போடுங்கள்.

பம்ப்செட் என்ஜின் ஓட்டலாம்னு சொல்றாங்களே?

டீசல் என்ஜினில் காற்று உறிஞ்சும் வழியில் வாயுவைக் கலந்துவிட்டால் டீசல் 70, 80 சதவீதம்வரை குறையும். பற்றவைக்கக் கொஞ்சம் டீசல் எப்போதும் வேண்டும். ஆனால் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.45 கன மீட்டர். 5 குதிரைத்திறன் என்ஜின் ஒரு மணி நேரம் ஓடினால் 2 கன மீட்டர் கலத்தின் ஒரு நாள் வாயு தீர்ந்துவிடும். இருபது முப்பது மாடு உள்ள பண்ணைக்குத்தான் இது கட்டும்.

கக்கூஸ் கழிவையும் சேர்க்கலாமா? சொல்லவே கூச்சமா இருக்கு.

கூச்சப்பட ஒன்றுமில்லை. 1897லேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லத்துக் கழிவிலிருந்து வாயு எடுத்திருக்கிறார்கள். சுலப் நிறுவனம் பொதுக் கழிப்பறைகளோடு இதை இணைத்துக் காட்டியிருக்கிறது. ஆனால் ஒருவரின் கழிவு நாளுக்கு 25, 30 லிட்டர் வாயுதான் தரும். ஐந்து பேர் வீட்டுக்குக் காப்பி போடும் அளவு. அதற்காக ஃபிளஷ் தண்ணீரெல்லாம் சேர்ந்து கரைசலை நீர்க்கச் செய்யும். கழிப்பறையில் ஆசிட் ஊற்றும் பழக்கத்தையும் விடவேண்டும். மேலும் கீரைக்கும் காய்கறிக்கும் கழிவுக் கரைசலை நேராக ஊற்ற முடியாது, புழு முட்டைகள் முழுதாகச் சாவதில்லை. மரப்பயிருக்குத்தான் விடலாம். தீனபந்து போன்ற மூடிய கலத்தில், கழிப்பறைக்குத் தனிக் குழாய் வைத்தால் மட்டும் செய்யுங்கள்.

வாயுவை எடுத்துட்டா எருவுல சத்து போயிடாதா?

போகாது. வாயுவாகப் போவது கரியும் ஹைட்ரஜனும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் கரைசலிலேயே நிற்கின்றன. வறட்டி தட்டி எரித்தால்தான் தழைச்சத்து புகையோடு போகிறது. களை விதைகளும் பெரும்பாலும் முளைப்புத் திறனை இழப்பதால் தொழுவுரத்தைவிட வயல் சுத்தமாக இருக்கும்.

எங்களைக் கேட்டால் அடுப்பைவிட இதுவே பெரிய வரவு. 1 கன மீட்டர் கலம் தினமும் 50 லிட்டர் அளவுக்குக் கரைசல் தரும். வாய்க்கால் தண்ணீரோடு கலந்து பாய்ச்சுங்கள். முடியாத நாளில் எருக்குழியில் சருகு, சோளத்தட்டை, கரும்புத் தோகை அடுக்கி அதன்மேல் ஊற்றுங்கள். வெயிலில் பரப்பிக் காயவிட்டால் தழைச்சத்தில் பெரும்பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

மானியம் கிடைக்குமா?

மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2021-22 முதல் 2025-26 வரையிலான தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தில், சிறு கலங்களுக்கு அளவைப் பொறுத்து 9,800 ரூபாயிலிருந்து 70,400 ரூபாய்வரை வைத்திருந்தது. திட்டக் காலம் முடிந்து விதிகள் மாறும் என்பதால் இப்போதைய தொகையை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். குழி வெட்டும் முன் கேட்பது முக்கியம். கட்டி முடித்துவிட்டுப் போனால் ஒப்புதல் கிடைப்பது கடினம்.

ஊருக்குப் போய் பத்து நாள் கழிச்சு வந்தா செத்துடுமா?

சாகாது. முதல் பதிலில் சொன்னபடி பட்டினியைத் தாங்கும். அடுப்பருகிலும் கலத்திலும் வால்வை மூடிவிட்டுப் போங்கள். திரும்பியதும் இரண்டு நாள் பாதித் தீனி, பிறகு வழக்கம்போல.

அப்போ சிலிண்டர் கனெக்‌ஷனை ஒப்படைச்சுடலாமா?

வேண்டாம். மாடு சினை பிடித்து விற்க நேரும், கார்த்திகையில் வாயு குறையும், பொங்கலுக்கு இருபது பேர் வருவார்கள். ஒரு சிலிண்டரோ நல்ல விறகடுப்போ கைவசம் இருக்கட்டும். ஆண்டில் பத்து மாதம் சிலிண்டர் தொடாமல் சமைக்க முடிகிறது என்றாலே கலம் நன்றாக ஓடுகிறது.

எங்க அப்பா காலத்துல போட்ட கோபர் காஸ் குழி இருபது வருஷமா சும்மா கெடக்கு. அதுக்கு உயிர் கொடுக்க முடியுமா?

1981-82இல் தேசியத் திட்டம் தொடங்கியபின் கட்டியவை பல ஊர்களில் இப்படிக் கிடக்கின்றன. செங்கல் கட்டுமானம் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். முதலில், காய்ந்து கிடந்தாலும் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. வெடிப்பு பற்றிய பதிலைப் படியுங்கள். மூடிகளைத் திறந்து சில நாள் காற்றாட விட்டு, மேலிருந்தே அடிமண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து மோட்டாரில் எடுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு நாளும் மட்டத்தைக் குறித்துவையுங்கள். காய்ந்த சுவர் உறிஞ்சுவதால் முதல் நாள் குறைவது இயல்பு. மூன்றாம் நாளும் இறங்கினால் சுவரில் விரிசல்.

இரும்பு டிரம் துருப்பிடித்திருந்தால் ஒட்டுப்போடாமல் அதே விட்டத்தில் ஃபைபர் டிரம் செய்யச் சொல்லுங்கள். குவிமாடக் கலமானால் உள்பூச்சை மறுபடி பார்க்கக் கொத்தனார் உள்ளே போக வேண்டியிருக்கும். தனி ஆளை இறக்காமல், மூச்சுக்கருவியும் இடுப்புக் கயிறும் மேலே இரண்டு ஆளும் உள்ள பழகிய குழு கிடைத்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். எல்லாம் சரியானாலும் அந்தக் குழி உங்கள் அப்பாவின் எட்டு மாட்டுக்குக் கட்டியதாக இருக்கலாம். இப்போது தொழுவத்தில் நிற்பது இரண்டே மாடு என்றால், அதைத் தண்ணீர்த் தொட்டியாக வைத்துக்கொண்டு பக்கத்தில் 1 கன மீட்டரில் புதிதாகப் போடுங்கள்.